பணியாளரைத் திருத்தும் முறை

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் இலக்கியப் பொருள் ஒன்றைப்பற்றிப் பேசுமாறு நம் காரியதரிசியார் முதலில் எமக்குத் திருமுகம் விடுத்தனர். பின்னர் நேரிற் கண்டபோது, "இலக்கியத்தை அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ளலாம். நம்மவருட் பலர் கடை வைத்தும் ஆலை நடத்தியும் நாலு பேரைக் கொண்டு வேலை வாங்குகின்றவர்கள். ஒருவரை ஒருவர் கண்டால் அவர்கள் முதலிற் கூறும் குறை ‘ஆள் சரியில்லை’ என்பதே. அதுபற்றித் தாங்கள் ஏதேனும் சொல்லக்கூடுமா?" என்று வினவினர். பள்ளியில் எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் எமக்கு வாணிகத்தில் என்ன அறிவு உண்டு என்று தயங்கினோம். எனினும் யாம் வேறோர் ஊரில் மாணவர் விடுதி ஒன்றை மேற்பார்த்த காலத்தில், இக்காரியத்தில் ஒரு பெரும்பிழை செய்து அதனாற் சில உண்மைகளைக் கற்றதுண்டு. பிழை செய்தவன் கூறும் அறிவுரை, பிழை செய்யாதவன் கூறுவதினும் சிலருக்குப் பயன்படக்கூடும் என்னும் துணிவினால் இங்கு நிற்கின்றோம்.

முதற்கண் அந்நிகழ்ச்சியை உள்ளவாறே உரைத்துவிடுகின்றோம்.

2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்விடுதிப் பொறுப்பு எம்மிடம் வந்தது. பிள்ளைகள் அறுபத்திருவர். சமையற்கட்டில் தலைமைச் சமையற்காரர் ஒருவர். அவரை யாவரும் "மாஸ்டர்" என்றே அழைப்பர். அவருக்கு உதவியாக மூவர். அரிசி பருப்பு முதலியன வைத்திருக்கும் உக்கிராண அறைக்குக் கணக்கப்பிள்ளை ஒருவர். மாஸ்டர் பதினெட்டாண்டு அங்கு உழைத்தவர். அவர் கைப்பக்குவத்தில் எவரும் குறை கூறியதில்லை. ஆனால் அவர் வாயினின்று வரும் சொற்களோ கேட்கத்தக்கன அல்ல. உதவியாட்களை வைவார். சாம்பார் நீர்த்திருக்கின்றது என்று ஒரு பையன் சொன்னால், "உங்க வீட்டுல போய்க் கேளு" என்பார். யாம் உள்ளே சென்றால் எதிரே நின்று விடை கூறாமற் பாத்திரத்தை ஓசைபடக் கீழே வைப்பார். யாம் அதனைக் காணாதவர்போல் வெளியே வந்துவிடுவோம்.

அக்டோபர் மாதத்தில் ஒருநாள், உதவியாட்களுள் இளையவனான பத்தொன்பது வயதுப் பையன் எம்மிடம் வந்து, மாஸ்டர் கரண்டியால் முழங்கையில் அடித்துவிட்டார் என்று சொல்லி வீக்கத்தைக் காட்டினான். யாம் என் செய்தோம்? மருந்து போடச் சொன்னோம். "பெரியவர்தானே, கொஞ்சம் பொறுத்துக்கொள், தம்பி" என்றோம். மாஸ்டரிடம் ஒரு சொல்லும் சொன்னோமில்லை. மூன்றாம் நாள் அப்பையன் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமற் போய்விட்டான். அவனுக்குச் சேரவேண்டிய சம்பளத்தை அவன் ஊருக்கு அனுப்பிவிட்டு, எம் கடமை முடிந்தது என்று இருந்தோம்.

இவ்வாறு இருந்ததைப் பொறுமை என்று யாம் எமக்குள்ளே பெயரிட்டுக்கொண்டோம். அது பொறுமையன்று, அச்சமே. மாஸ்டர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் மறுநாட் காலையில் அறுபத்திரண்டு பிள்ளைகளுக்கு யார் உலை வைப்பர் என்னும் அச்சம் அது.

2016-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஒருநாட் காலை ஏழரை மணிக்கு வரவேண்டிய வெண்பொங்கல் எட்டேகால் ஆகியும் வரவில்லை. தேர்வெழுதும் பிள்ளைகள் கையிற் புத்தகத்தோடு வரிசையில் நிற்கின்றனர். எட்டு மாதம் அடக்கிவைத்திருந்த சினம் முழுதும் அப்பொழுது எம் நாவில் ஏறிற்று. சமையற்கட்டின் வாயிலில் நின்று, அத்தனை பிள்ளைகளும் கேட்க, "பதினெட்டு வருடம் உப்பைத் தின்ற இடத்துக்கு இதுதான் நன்றியா?" என்று தொடங்கி, மேலும் சில சொற்கள் சொன்னோம். அவற்றை இவ்வவையிற் சொல்ல நாணுகின்றோம். மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். தோளிலிருந்த துண்டை உதறினார். "ஐயா, நேத்து ராத்திரி நான் கேட்ட பாசிப்பருப்பு இன்னைக்குக் காலையில ஏழரைக்குத்தான் வந்தது. அதை யார்கிட்ட கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். பின்பு வெளியே போய்விட்டார். பிள்ளைகள் தேநீர்க் கடையில் வாங்கிய ரொட்டியும் வாழைப்பழமும் உண்டு தேர்வுக்குச் சென்றனர்.

அன்றிரவு உக்கிராண நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மாஸ்டர் நாள்தோறும் மாலையில் மறுநாட்குரிய பண்டங்களைச் சீட்டில் எழுதி, நேரமும் குறித்துக் கொடுப்பது வழக்கம். அவற்றின் படியைச் சமையற்கட்டில் ஒரு கம்பியிற் குத்தி வைத்திருந்தார். எட்டு மாதம் அந்தக் கம்பி எம் கண்முன் தொங்கியது. ஒருநாளும் அதனை யாம் எடுத்துப் பார்த்ததில்லை. சீட்டையும் நோட்டையும் ஒத்துப் பார்த்தபொழுது, முப்பது நாளிற் பத்தொன்பது நாட்கள் பண்டம் மறுநாட் காலையிலேயே கொடுக்கப்பட்டது விளங்கிற்று. விடிந்ததும் மூட்டைகளை நிறுத்தோம். ஐம்பது கிலோ என்று வரவு வைத்த துவரம்பருப்பு மூட்டை நாற்பத்தாறு கிலோவே இருந்தது.

அக்கணக்கப்பிள்ளை யாவர் எனின், எம் மனைவியாருக்கு ஒன்றுவிட்ட தம்பி. எமக்கு மைத்துனர் முறை. யாம் சொல்லியே அவ்வேலை அவருக்குக் கிடைத்தது. எம்மைக் கண்டால் எழுந்து நின்று, "வாங்க அத்தான்" என்று இனிமையாகப் பேசுவார். ஒருநாளும் குரலுயர்த்தியதில்லை. உரத்த குரலுடையவரை முரடர் என்றும், மெல்லிய குரலுடையவரை நல்லவர் என்றும் யாம் கொண்டிருந்தோம். பருப்புக் குறைந்தால் பிள்ளைகள் வைவது மாஸ்டரை. பண்டம் தாமதித்தால் பழி ஏற்பது மாஸ்டர். அந்த வெம்மையை அவர் தமக்குக் கீழுள்ள பையன்மேற் கொட்டினார்.

இதனாற் பையனை அடித்தது நியாயமாகிவிடுமோ எனின், ஆகாது. இவ்விடத்தைச் சற்றே ஊன்றிக் கேட்க வேண்டுகின்றோம். ஒருவருடைய கோபத்துக்குக் காரணம் உண்டு என்று அறிதல் வேறு. அக்கோபத்தால் அவர் செய்த தீங்கு பொறுக்கத்தக்கது என்று கொள்ளுதல் வேறு. முதலாவதை அறியாதவர் கொடியவராவர். இரண்டாவதைச் செய்பவர் கோழையாவர். யாம் எட்டு மாதத்தில் இரண்டுமாக இருந்தோம்.

மறுநாள் மாலை மாஸ்டர் வீட்டுக்குச் சென்றோம். பிள்ளைகள் முன் அவரை இழித்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டோம். பின்னர் அவர் பேசப் பேசக் கேட்டிருந்தோம். முடிவில், "மாஸ்டர், இதில் இரண்டு காரியம் இருக்கிறது. பண்டம் வராதது எங்கள் குற்றம். அதை நாங்கள் சரிசெய்கிறோம். பையனை அடித்ததும் மற்றவர்களை வைவதும் உங்கள் குற்றம், அதை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும்" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அந்தப் பையன் மேல கை வச்சது தப்புதான், ஐயா" என்றார். ஒரு தாளில் நான்கு வரி எழுதினோம். முந்திய நாள் இரவு எட்டு மணிக்குள் பண்டம் சமையற்கட்டுக்கு வந்துவிட வேண்டும். வாராவிடில் மாஸ்டர் உடனே எம்மிடம் தெரிவிக்கவேண்டும். எவர்மீதும் கைவைத்தல் கூடாது. மீறினால் வேலை இல்லை. பிள்ளைகளையும் உதவியாட்களையும் வைதலாகாது. வைதால் எழுத்தில் எச்சரிக்கை வரும். இருவரும் கையொப்பமிட்டோம். அவர் மறுநாள் வேலைக்கு வந்தார்.

கணக்கப்பிள்ளையின் காரியத்தில் யாமே நடுவராதல் முறையன்று. அவர் எம் உறவினர். ஆதலின் விடுதிக் குழுவினர் இருவரிடம் நோட்டையும் சீட்டுகளையும் ஒப்படைத்து ஒதுங்கிக்கொண்டோம். அவர்கள் அவரை அழைத்து விசாரித்தனர். அவர் ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டினார், வேலையினின்றும் நீக்கப்பட்டார். அவ்வாண்டு எம் இல்லத்தில் நடந்த காதணி விழாவுக்கு எம் மனைவியார் பக்கத்தார் ஒருவரும் வரவில்லை. இதனை முறையீடாகக் கூறுகின்றோமல்லோம். வந்த முதல் மாதத்திலேயே ஒரு மூட்டையை நிறுத்துப் பார்த்திருந்தால், ஒரு சிறு சொல்லோடு முடிந்திருக்கும் என்பதற்காகவே கூறுகின்றோம்.

பின்னர் மாஸ்டரும் யாமும் அப்பையனைத் தேடிச் சென்றோம். அவன் கோயம்புத்தூரில் ஓர் உணவுவிடுதியிற் சேர்ந்திருந்தான். மாஸ்டர் அவனிடம் தம் பிழையைச் சொன்னார். மீண்டும் வருமாறு யாம் அழைத்தோம். அவன் வெறுப்பின்றிச் சிரித்தான். "அன்னைக்கே நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் இருந்திருப்பேன், சார்" என்றான். அவன் வரவில்லை.

அன்பர்களே! யாம் பொறுமை என்று கருதியதற்கு விலை கொடுத்தவன் அப்பையன். பணியிடத்தில் ஒருவர் தீய ஒழுக்கத்தைத் தலைவன் காணாததுபோல் இருந்தால், அத்துன்பத்தைத் தலைவன் அனுபவிப்பதில்லை. எல்லாருக்கும் கீழே நிற்கின்றவன் அனுபவிக்கின்றான். அவன் வாய் திறவாமற் போய்விடுகின்றான். இன்றைக்கு யாம் சொல்ல வந்தது இவ்வொன்றே. இனிச் சொல்வன, இதற்கு இடங்கொடாமல் நடந்துகொள்ளும் வழிகள்.

முதலாவது, விரைந்து சொல்லுதல். சிறு பிழையைக் கண்ட அன்றே சிறு சொல்லாற் சொல்லிவிடவேண்டும். நாள் கடந்தால் பிழையும் வளரும்; நம் சினமும் வளரும். பத்தாம் பிழைக்கு நாம் கொள்ளும் சினம் பத்துக்கும் சேர்த்த சினமாதலின், அது அப்பிழையின் அளவுக்கு மிஞ்சியதாகும். கேட்பவன் அந்த மிகுதியை மட்டுமே நினைவில் வைப்பான்.

இரண்டாவது, தனியிடத்திற் சொல்லுதல். வாடிக்கைக்காரர் எதிரிலும் உடன் வேலைசெய்வோர் எதிரிலும் ஒருவனைக் கடிந்தால், அவன் தன் பிழையை நினைப்பதில்லை. தன் மானத்தை நினைக்கின்றான். பள்ளியிலும் இதுவே கண்டோம். வகுப்பில் நிற்கவைத்து வைத மாணவன் விறைத்து நிற்பான். வகுப்பு முடிந்து அழைத்துக் கேட்டால் அவனே அழுதுவிடுவான்.

மூன்றாவது, செயலைச் சொல்லுதல், ஆளைச் சொல்லாமை. "நீ எப்போதுமே பொறுப்பில்லாதவன்" என்றால் அதற்கு அவன் என்ன விடை கூறுவான்? "திங்களும் புதனும் வெள்ளியும் ஒன்பதரை மணிக்குக் கல்லாவில் உட்காரவேண்டிய நீ பத்தேகாலுக்கு வந்தாய், அதனால் அடுத்தவர் இருவர் வேலையைச் செய்தார்" என்று சொன்னால், அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. குலத்தையும் பெற்றோரையும் வறுமையையும் இழுத்துப் பேசுதல் எந்நிலையிலும் ஆகாது. அவ்வாறு பேசியபின் நம் பக்கம் நியாயமே இருந்தாலும் அது பறந்துபோகும்.

நான்காவது, கேட்டல். அமெரிக்க நாட்டில் சிகாகோ நகரத்தை அடுத்த ஹாதார்ன் என்னுமிடத்தில், தொலைபேசிக் கருவிகள் செய்யும் பெருந்தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கு 1924 முதல் 1932 வரை தொழிலாளரின் உழைப்பையும் மனநிலையையும் பற்றிப் பல ஆராய்ச்சிகள் நடந்தன. அவற்றின் பகுதியாக 1928-இல் தொடங்கி இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை ஒவ்வொருவராக அழைத்துப் பேசச் செய்தனர். முதலில், குறித்த கேள்விகளையே கேட்டு விடை பெற முயன்றனர். தொழிலாளரோ கேட்டதை விட்டு வேறெதையோ பேசினர். ஆதலின் பின்னர் அந்த முறையை விடுத்து, அவர்கள் விரும்பியதைப் பேசவிட்டுக் கேட்டிருந்தனர். வாய்விட்டுச் சொல்லும் குறை ஒன்றாகவும், உள்ளே வருத்துவது வேறொன்றாகவும் இருத்தல் உண்டென்று அதனாற் கண்டனர். நம் கடைகளில் ஆராய்ச்சியாளர் வேண்டுவதில்லை. "என்னப்பா நடந்தது?" என்று கேட்டுவிட்டு, அவன் முடிக்குமளவும் நாம் குறுக்கிடாதிருந்தாற் போதும்.

ஐந்தாவது, நம் பக்கத்துக் குறையைத் திருத்துதல். துணிக்கடையில் விற்பனைப் பெண் மாலை நேரத்தில் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்று ஒருவர் குறை கூறினார். அப்பெண் காலை முதல் நின்றுகொண்டே இருக்கின்றாளா என்று கேட்டோம். ஆம் என்றார். நாள் முழுதும் நிற்கும் கால் கடுத்தால் முகம் எங்ஙனம் மலரும்? கேரள நாட்டில் 2018-ஆம் ஆண்டிலும், நம் தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டிலும், கடைகளில் வேலைசெய்வோர்க்கு இருக்கை வசதி அளிக்கவேண்டும் என்று சட்டத்தையே திருத்தினர். வேலை இடையில் ஓய்வு கிட்டும்போது அவர்கள் உட்காரலாம். நாற்காலி ஒன்று போடுவதாற் சரியாகும் ஒழுக்கத்தை, வைது சரிசெய்ய முயல்வது வீண்.

ஆறாவது, எழுதிவைத்தல். பேசி முடித்ததை ஒரு தாளிற் குறித்து, இன்ன நாளுக்குள் இன்னது மாறவேண்டும் என்று தவணை வைத்து, அந்நாளில் தவறாமல் மீண்டும் அழைத்துப் பேசவேண்டும். மாறியிருந்தால் அதனையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். குறை கூறுவதற்கு மட்டுமே ஆளை அழைக்கும் முதலாளியின் அழைப்பை எவனும் விரும்பான்.

இனி, அபராதத்தைப்பற்றி ஒரு சொல். தாமதமாக வந்தால் நூறு ரூபாய், கண்ணாடி உடைந்தால் ஐந்நூறு ரூபாய் என்று தம் மனம்போனவாறு சம்பளத்திற் பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. 1936-ஆம் ஆண்டில் வந்த சம்பளம் வழங்கற் சட்டம், அபராதத்தை ரூபாய்க்கு அரை அணாவுக்கு மேற்படாதென்று வரையறுத்தது. அது பின்னர் நூற்றுக்கு மூன்று என்றாயிற்று. 2019-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த மூன்று என்னும் எல்லையே உளது. எச்செயலுக்கு அபராதம் என்று முன்னரே அறிவித்திருக்கவேண்டும். அவன் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்கவேண்டும். பிடித்த பணத்தைக் கணக்கில் எழுதி, வேலையாட்களின் நன்மைக்கே செலவிடவேண்டும். அபராதப் பணம் முதலாளியின் வருவாய் ஆகலாகாது என்னும் கருத்தை இதனுட் காண்க.

எவ்வளவு சொல்லியும் திருந்தாத ஆளும் உண்டு. அவரை நீக்கவேண்டி வரின், அதற்கும் முறை உண்டு. 1947-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று இன்று தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என வழங்கும் சட்டத்தின் 41-ஆம் பிரிவைக் கடை நடத்துவோர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். ஆறு மாதத்திற்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த ஒருவரைத் தக்க காரணமின்றி நீக்கலாகாது. ஒரு மாத முன்னறிவிப்பேனும் அதற்கு ஈடான சம்பளமேனும் தரவேண்டும். ஒழுங்கீனத்துக்காக நீக்குவதாயின் முன்னறிவிப்பு வேண்டுவதில்லை. ஆனால் அதற்கென்று விசாரணை நடத்தி, போதிய சான்றைப் பதிவுசெய்து, குற்றத்தை நிறுவியிருத்தல் வேண்டும். நீக்கப்பட்டவர்க்கு மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. "நாளை முதல் வராதே" என்று கல்லாவிலிருந்தபடியே கூவுவது சட்டத்துக்கும் முறைக்கும் பொருந்தாது.

தவணை கொடுத்துத் திருத்தத்தகாத குற்றங்களும் சில உள. கைந்நீட்டி அடித்தல் ஒன்று. களவு ஒன்று. பெண்களிடம் தகாத முறையில் நடத்தல் மற்றொன்று. கடைசியிற் சொன்னதை "பையன் விளையாட்டுக்குச் செய்தான்" என்று மூடிமறைப்பவர் நம்முள்ளும் இருக்கின்றனர். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவரோ வேலை செய்யும் ஒவ்வோரிடத்திலும், பெண் ஒருவரைத் தலைவராகக் கொண்ட உட்குழு இருத்தல் வேண்டும். அதனினும் சிறிய இடங்களிலுள்ள பெண்கள் மாவட்டத்துக்குரிய குழுவிடம் முறையிடலாம். நம் கடைகளில் இக்குழு உளதா, அது இருப்பதை அங்கு வேலைசெய்யும் பெண்கள் அறிவார்களா என்று ஒவ்வொருவரும் இன்றைக்கே வீடு சென்று எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம்.

நம் சங்கத்தார்க்குச் சிறப்பாகச் சொல்லவேண்டுவன இரண்டு உள. ஒன்று உறவினரை வேலைக்கு வைத்தல்பற்றியது. திருவள்ளுவனார் பொருட்பாலில், ஆராய்ந்து வேலையில் அமர்த்துவதைக் கூறும் தெரிந்துவினையாடல் என்னும் 52-ஆம் அதிகாரத்தை அடுத்தே, உறவினரைத் தழுவிக்கொள்ளுவதைக் கூறும் சுற்றந்தழால் என்னும் அதிகாரத்தை வைத்தனர். இரண்டும் தலைவனுக்கு வேண்டும். ஆயினும் இரண்டும் தனித்தனி அதிகாரங்கள். உறவினருக்கு உதவ விரும்பினால் உதவுக. பெண்ணின் திருமணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் தாராளமாகக் கொடுக்க. ஆனால் நிறுத்துப் பாராத மூட்டையையும் ஒத்துப் பாராத நோட்டையும் உறவுக்காகக் கொடுக்கவேண்டா. உறவினர் பிழை செய்தால், தீர்ப்பை மற்றொருவரிடம் விடுக. எம் மைத்துனரை யாம் முதல் மாதத்திலேயே கணக்குக் கேட்டிருந்தால் அவரும் கெட்டிரார். கேளாதிருந்ததே அவருக்கு யாம் செய்த தீங்கு.

மற்றொன்று நம் நாவைப்பற்றியது. நாம் ஒருவருக்கொருவர் அறிந்தவர்கள். கலியாண வீட்டிலும் சங்கக் கூட்டத்திலும் சந்திக்கின்றவர்கள். ஒரு கடையினின்று விலகிய ஆளைப்பற்றி, "அவனைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்" என்று ஒருவர் சொன்னால், அடுத்த திங்களுக்குள் அந்தத் தெருவிலுள்ள கடைகளெல்லாம் அவனுக்கு அடைபட்டுவிடும். அவனுக்கு இவ்வவையில் வந்து தன் பக்கத்தைச் சொல்ல வழியில்லை. ஆதலின் ஒருவனை நீக்கினால், அவனுக்குச் சேரவேண்டியதைக் குறையாமற் கொடுத்து, வேலைசெய்த காலத்தைக் குறித்து ஒரு சான்றும் கொடுத்து, அத்துடன் வாயை மூடிக்கொள்ளுதல் வேண்டும். வேறொருவர் அவனைப்பற்றிக் கேட்டால், நடந்ததை நடந்தவாறு கூறுக. அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவேண்டா.

மாஸ்டர் பின்னர் எவ்வாறு இருந்தார் என்று அறிய விரும்புவீர்கள். அவர் மென்மையானவராக மாறிவிட்டார் என்று யாம் பொய் சொல்லமாட்டோம். குரல் உரத்தே இருந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் புதிய உதவியாளை ஒருநாள் கடுமையாக வைதுவிட்டார். அன்று மாலையே யாம் அவரை அலுவலறைக்கு அழைத்து, கையொப்பமிட்ட தாளை மேசைமேல் வைத்தோம். எச்சரிக்கையை எழுத்திற் கொடுத்தோம். அவர் படித்துப் பார்த்துவிட்டு எழுந்துபோய், அவ்வுதவியாளிடம் தாமே பேசினார். அதன்பின் மூன்றாண்டு பணியாற்றி ஓய்வுபெற்றார். அந்த மூன்றாண்டில் சமையற்கட்டை விட்டு ஒருவரும் ஓடிப்போகவில்லை. அவர் ஓய்வுபெற்ற நாளில், கம்பியிற் குத்திய சீட்டுக் கட்டை எம்மிடம் கொடுத்து, "அடுத்து வர்றவர்கிட்டயும் இதைக் கேட்டு வாங்கிப் பாருங்க, ஐயா" என்றார்.

அன்பர்களே! வள்ளுவனார் தலைவனுக்குரிய குணங்களுள், பிறர் அஞ்சத்தக்கதைச் செய்யாமையையும் அதனை அடுத்தே கண்ணோட்டத்தையும் வைத்தனர். அவ்விரண்டினையும் யாம் பலகாற் கற்பித்திருந்தும், சமையற்கட்டின் வாயிலில் மறந்தோம். மாஸ்டரைச் சினந்தோம், பையனைக் காணாமல் விட்டோம். சரிசெய்யத்தக்கவற்றைப் பின்னர்ச் சரிசெய்தோம். சரிசெய்ய இயலாதது ஒன்று உண்டு. அஃது அந்தப் பையன் அக்டோபர் மாதத்தில் வீங்கிய முழங்கையோடு எம் அறை வாயிலில் நின்ற அந்த நேரம்.

நாளைக் காலை நீங்கள் கடையைத் திறக்கும்பொழுது, எல்லாருக்கும் கடைசியாக உள்ளே வந்து, ஓர் ஓரத்தில் நின்று, ஒன்றும் பேசாமல் வேலை செய்பவர் யார் என்று பாருங்கள். அவரைத் தனியே அழைத்து, "இங்கே உனக்கு ஏதேனும் தொல்லை உண்டா?" என்று ஒருமுறை கேளுங்கள். விடை உடனே வாராது. இரண்டாம் முறையும் கேளுங்கள்.